திரைக்குப் பின் நின்றவர்

இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துத் தமிழைப் போற்றியவர் நம் முன்னோர். அம்மூன்றனுள் இயலுக்குப் புலவர் ஒருவர் போதும். இசைக்குப் பாடுவோரும் பக்கவாத்தியக்காரரும் போதும். நாடகத்திற்கோ ஓர் ஊரே வேண்டும். எழுதுவோர், நடிப்போர், பாடுவோர், ஒப்பனை செய்வோர், படுதா தீட்டுவோர், விளக்கேற்றுவோர் எனப் பலர் கூடி இழுக்கும் தேர் அது. திருவிழாவில் வடம் பிடிப்போரை ஊரார் அனைவரும் காண்பர். ஆனால், சக்கரத்தின் அடியில் காலம் அறிந்து முட்டுக்கட்டை இட்டு, தேரை வீதி முனையில் திருப்பி, நிலைக்குக் கொணர்ந்து சேர்ப்பவரைக் காண்போர் மிகச் சிலரே. நாடக மேடையில் அம்முட்டுக்கட்டை இடும் பணியைச் செய்பவரே மேடை நிர்வாகி ஆவார். கம்பெனி நாடகக் காலத்தில் அவரை ‘ஸ்டேஜ் மானேஜர்’ என்றே அழைத்தனர்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களில் நாடகாசிரியர்களைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. திரைக்குப் பின் நின்றவரைப் பற்றி ஒன்றும் வந்ததில்லை. அக்குறையை இவ்வாண்டு நீக்க முனைந்ததற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

எழினியை இழுத்தவர் யார்?

மாதவி ஆடிய அரங்கத்தைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நுணுக்கமாக விவரிக்கின்றது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அளந்து, அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அமைத்தனர். மேடைப் பலகைக்கும் மேலே அமைந்த உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் இடம் விட்டனர். வாயில்கள் இரண்டு வைத்தனர். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கை நிறுத்தினர். திரைகளோ மூன்று. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்பெறுவது ஒருமுக எழினி. இரு பக்கத்தினின்றும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய மேடைகளிலும் திரைகள் பெரும்பாலும் இம்மூவகையுள் அடங்கிவிடுகின்றன என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பு மேலிடுகின்றது.

அதே காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் இலக்கணங்களையும் வரிசைப்படுத்திக் கூறுகின்றது. ஆயின், அம்மூன்று எழினிகளையும் உரிய காலத்தில் இழுத்தவர் யார்? நிழல் விழாத இடம் பார்த்து விளக்கை நிறுத்தியவர் யார்? அவரைப் பற்றி அக்காதையில் ஒரு குறிப்பும் இல்லை. இளங்கோவடிகளைக் குறை கூறுவது நம் கருத்தன்று. திரை இருந்த இடத்தில் அதனை இழுத்த கையும் இருந்திருத்தல் வேண்டும் என்பதையும், அக்கைக்குரியவர் பெயர் பெறவில்லை என்பதையும் சுட்டவே இதனைக் கூறினோம்.

தெருக்கூத்திலோ அவர் மறைந்து நிற்கவில்லை. கட்டியக்காரன் என்னும் வேடம் தாங்கி நம் கண்முன்னரே நின்றார். இருவர் பிடித்த திரையின் பின்னே வேடக்காரர் வந்து நிற்க, வருபவர் இன்னார் என்று அறிவித்தவர் அவர். வேடக்காரர் இளைப்பாறும்போது நகைச்சுவை பேசி அவையைப் பிடித்து வைத்தவரும் அவரே. கூத்து ஒழுங்காக நடப்பதற்கு வேண்டிய பணிகளுள் பலவற்றை ஆட்டத்தினுள் இருந்தபடியே செய்துவிட்டார். வடமொழி நாடகத்தில் சூத்திரதாரன் என்னும் சொல்லுக்குக் கயிற்றைப் பிடிப்பவன் என்பதே பொருள். மேடையின் கயிறு ஒருவர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் உண்மையை நம் நாட்டார் நெடுங்காலமாக உணர்ந்திருந்தனர்.

படுதாவும் தட்டியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களும் மராத்தி நாடகக் குழுக்களும் தென்னாட்டிற்கு வந்தன. வண்ணம் தீட்டிய படுதாக்கள், பக்கத் தட்டிகள், சட்டம் போல் அமைந்த மேடை முகப்பு ஆகியவற்றை அவை நம்மவர்க்கு அறிமுகம் செய்தன. கட்டியக்காரன் ஆட்டத்தினுள் இருந்து செய்த பணி அன்று இரண்டாகப் பிரிந்தது. நகைச்சுவை ‘பபூன்’ பங்காயிற்று. நிர்வாகமோ தட்டிக்குப் பின் சென்று மறைந்தது.

1891ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் தலையாயவர் பம்மல் சம்பந்த முதலியார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பொழுதுபோக்காக நடித்த பயில்முறைக் குழு அது. நாடகம் கற்றோர்க்கு அடாத தொழில் என்று கருதப்பட்ட காலத்தில், ஒத்திகைக்குத் தவறாது வருதலும், பாடத்தை நெட்டுருச் செய்தலும், குறித்த நேரத்தில் திரையைத் தூக்குதலும் கலைக்கு மதிப்பைத் தேடித் தரும் என்று அவர் நம்பினார். அவர் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலைப் படிப்போர், நடிப்பைப் போலவே ஒழுங்கும் ஒரு கலை என்று அப்பெரியார் கருதியதைக் காண்பர். நம்மைப் போல் அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு ஓடும் சங்கத்தார் அனைவர்க்கும் அவரே முன்னோடி.

கம்பெனி வீட்டில் ஒரு நாள்

தொழில்முறைக் குழுக்களின் கதை வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றது அச்சபையிலேதான். பின்னர் அச்சகோதரர்கள் 1925இல் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையை நிறுவினர். நவாப் இராஜமாணிக்கத்தின் மதுரை ஸ்ரீ தேவி பால விநோத சங்கீத சபையும் புகழ் பெற்றது. இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்கிப் பாடம் கேட்டு வாழ்ந்தனர். குழு ஊர் ஊராகச் சென்றது. அவ்வாழ்வில் மேடை நிர்வாகியின் நாள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

குழு ஓர் ஊரில் முகாமை முடிக்கும் இரவிலேயே அவர் வேலை தொடங்கிவிடும். கடைசி நாடகம் முடிந்து மங்களம் பாடியவுடன் நடிகர்கள் அரிதாரம் கலைத்து உறங்கச் செல்வர். அவரோ படுதாக்களை உருளையிற் சுற்றி, கயிறுகளைப் பிரித்து, தட்டிகளை அடுக்கி, கிரீடமும் வாளும் கதையும் எண்ணிப் பெட்டியில் இடுவார். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஊரில் அரசன் முடியின்றி நிற்க நேரும். இரயிலில் ஏற்றி இறக்கி, மாட்டு வண்டிகளில் பெட்டிகள் கொட்டகையைச் சேரும். அங்கே மேடை ஓரிடத்தில் தாழ்ந்திருக்கும். ஓரிடத்தில் பலகை பிளந்திருக்கும். நீள அகலங்களை அளந்து, தம் படுதாக்கள் பொருந்துமா என்று பார்த்து, விட்டத்தில் கயிறு கட்டிச் சோதிக்க வேண்டியவர் அவரே.

தெரு, காடு, தோட்டம், தர்பார், சிறைச்சாலை ஆகிய படுதாக்கள் எல்லாக் குழுக்களுக்கும் இன்றியமையாதவை. இவற்றை அடுக்கும் முறையில் ஒரு நுட்பம் இருந்தது. தெருப் படுதா மேடையின் முன்புறம் தொங்கும். அதற்கு முன்னே இருவர் நின்று பேசுவதற்குரிய இடமே இருக்கும். தர்பாருக்கோ மேடையின் முழு ஆழமும் வேண்டும். ஆதலின், ஒரு தர்பார் முடிந்து மற்றொரு பெருங்காட்சி வருமுன் தெருப் படுதாவை இறக்கி, அதன் முன்னே நகைச்சுவைக் காட்சி ஒன்றை நடத்துவர். மக்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, படுதாவின் பின்னே அரியணை அகற்றப்பெறும், மரங்கள் நடப்பெறும். பழைய நாடகங்களில் கதைக்குத் தொடர்பில்லாத நகைச்சுவை ஏன் இடையிடையே வருகின்றது என்று வினவுவோர் உளர். அக்காட்சிகள் மக்களின் சுவைக்காக மட்டும் வந்தவை அல்ல. பின்னே ஆணி அடிப்போர்க்குக் காலம் தருவதற்காகவும் வந்தவை. நாடக இலக்கியத்தின் அமைப்பையே திரைக்குப் பின் நின்றவரின் தேவை ஓரளவு வகுத்தது என்று கூறின் அது மிகையாகாது.

மின்சாரம் வருமுன் எண்ணெய் விளக்கும் காஸ் விளக்கும் எரிந்தன. மேலே ஓலைக் கூரை, சுற்றிலும் துணிப் படுதா, நடுவே தீச்சுடர். மணல் வாளியும் நீர்க்குடமும் எங்கே உள்ளன என்பதை இருளிலும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். இடி முழக்கத்திற்குத் தகரத் தகட்டை அசைத்தலும், தேவர் வானினின்று இறங்கும் கயிற்றை முடிச்சுப் பார்த்தலும் அவர் பொறுப்பில் நடந்தன. ஒரு சிறுவன் உயரத்தில் தொங்கும்போது அவன் உயிர் அம்முடிச்சில் இருந்தது. முருகனாக வந்தவனுக்குக் கிடைத்தது கைதட்டல். முடிச்சிட்டவருக்குக் கிடைத்தது, அன்றிரவு ஒன்றும் நேரவில்லை என்னும் நிம்மதி மட்டுமே.

சட்டம் அறிந்த பெயர்

காவியம் மறந்த அவரை, விளம்பரத் தாள்கள் மறந்த அவரை, ஓரிடத்தில் மட்டும் மறக்கவில்லை. அது சட்டம். வங்காளத்தில் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைச் சித்திரித்த ‘நீல் தர்ப்பண்’ என்னும் நாடகம் 1872இல் கல்கத்தாவில் மேடையேறியது. இத்தகைய நாடகங்களால் கலக்கமுற்ற ஆங்கில அரசு, 1876இல் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை இயற்றியது. அரசைப் பழிப்பதாகக் கருதப்படும் நாடகத்தைத் தடை செய்யவும், நாடகப் பிரதியைக் கேட்டுப் பெறவும் அது வழி செய்தது. தடையை மீறி நடிப்பவர்க்கு மட்டுமன்றி, அந்நாடகத்தை நடத்த எவ்வகையிலேனும் துணை செய்பவர்க்கும் 3 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்று அச்சட்டம் விதித்தது.

எவ்வகையிலேனும் துணை செய்பவர் என்றால் யார்? திரை இழுப்பவர், விளக்குப் பிடிப்பவர், மணி அடிப்பவர் அனைவரும் அதனுள் அடங்குவர். தேசிய இயக்கக் காலத்தில் தமிழ் மேடையில் விடுதலை உணர்ச்சி ஊட்டும் நாடகங்கள் நடந்தபோது, நடிகரோடு ஒத்த ஆபத்தைத் திரைக்குப் பின் நின்றவரும் ஏற்றார். புகழில் பங்கு பெறாதவர் தண்டனையில் பங்கு பெறத் தகுதியுடையவர் ஆனார். அச்சட்டம் விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் ஏட்டில் இருந்து, 2018இல் தான் மத்திய அரசால் நீக்கப்பெற்றது.

பேசும் படம் வந்த பின்

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. தமிழ்ப் பேசும் படம் பிறந்தது. நாடகக் கொட்டகைகள் பல படக் கொட்டகைகளாயின. பாய்ஸ் கம்பெனிகளில் பயின்ற என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் போன்றோர் திரையுலகில் பெரும்புகழ் எய்தினர். அவர்தம் வாழ்க்கையை எழுதிய நூல்கள் பல. ஆயின், அவர்கள் சிறுவராய் நடித்த மேடைகளில் அவர்களைத் தட்டியின் ஓரம் நிறுத்தி, வேளை வந்ததும் முதுகில் தட்டி உள்ளே அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுள் பெரும்பாலோரின் வரலாறு எழுதப்படாமலே போயிற்று. டி.கே. ஷண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ போன்ற நூல்களே அவ்வுலகின் உள்வாழ்வை நாம் ஓரளவேனும் அறியத் துணை செய்கின்றன.

பின்னாளில் ஆர்.எஸ். மனோகர் தம் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவின் வாயிலாக ‘இலங்கேஸ்வரன்’ முதலிய நாடகங்களைப் பெருங்காட்சிகளுடன் நடத்தினார். காட்சி மாறும் விரைவைக் கண்டே மக்கள் கைதட்டினர். முகம் அறியாது மக்கள் கொடுத்த அக்கைதட்டல் முழுவதும் திரைக்குப் பின் நின்றவர்க்கே உரியது.

நாம் வாழும் இத்தில்லி மாநகரிலும் இக்கலை வளர்ந்தது. 1959இல் தேசிய நாடகப் பள்ளி தோன்றியது. 1963இல் இப்ராகிம் அல்காஸி, ‘அந்தா யுக்’ என்னும் இந்தி நாடகத்தைப் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளிடையே நடத்தினார். திறந்த வெளி அரங்கில் திரை இழுக்கும் வேலை இல்லையாயினும், நடிகர் எங்கிருந்து எப்போது வருதல் வேண்டும், எவ்விளக்கு எப்போது எரிதல் வேண்டும் என்று குறித்து வைத்து நடத்துவோர் இன்றி அது நடவாது. திரை போனாலும் திரைக்குப் பின் நிற்பவர் பணி போவதில்லை.

நம் மேடை

இனி, தொடக்கத்தில் கூறுவோம் என்ற காரணத்திற்கு வருவோம்.

நம் சங்க நாடகங்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் திரைக்குப் பின் நின்று நடத்தியவர் ஒருவர் உளர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியேற்று இளமையிலேயே தில்லிக்கு வந்தவர். இன்று எண்பதைக் கடந்தவர். சிறுவயதில் தம் ஊருக்கு வந்த கம்பெனி நாடகங்களைக் காசின்றிக் கொட்டகையின் பின்புறக் கீற்று இடுக்கு வழியே பார்த்தவர். ஆதலின், ஊரார் நாடகத்தின் முகத்தைக் கண்டபோது அவர் அதன் முதுகைக் கண்டு கற்றார். ஒவ்வோர் ஆண்டு நாடகத்திற்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். இடப்பக்கம் வசனம். வலப்பக்கம் குறிப்பு. விளக்கிற்குச் சிவப்புப் பென்சில். திரைக்கு நீலப் பென்சில். அத்தகைய நோட்டுகள் நாற்பதுக்கு மேல் அவர் இல்லத்தில் ஒரு தகரப் பெட்டியில் உள்ளன.

1970களில் ஓர் ஆண்டு, சரித்திர நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அரசவைக் காட்சி. திடீரென்று மின்சாரம் நின்றது. மண்டபம் இருண்டது, குழந்தைகள் அழத் தொடங்கின. நாடகம் தொடங்குமுன்னரே அவர் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றி, மணல் வாளிகளின் அருகே, பின்புற அறையில் வைத்திருந்தார். அதனைக் கண்டு நாம் நகைத்திருந்தோம். இருள் சூழ்ந்த அக்கணத்தில், காவலர் வேடமிட்டு நின்ற இருவரின் கைகளில் அவ்விளக்குகளைக் கொடுத்து, அரியணையின் இருபுறமும் நிற்குமாறு அனுப்பினார். அரசராக நடித்தவர் தம் வசனத்தை விட்ட இடத்தினின்றும் தொடர்ந்தார். அன்று அவையில் எழுந்த கரவொலியை நம் காலனியின் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். மறு ஆண்டு மலரில் அரசராக நடித்தவரின் படம் வந்தது. காவலராக நின்ற இருவர் பெயரும் வந்தன.

சென்ற ஆண்டு முழங்கால் வலியால் அவர் வரவில்லை. அவர் இடத்தில் எவரையும் நாம் அமர்த்தவில்லை. அஃது ஒரு வேலை என்றே நமக்குத் தோன்றவில்லை. நடந்தவற்றை அன்பர்கள் அறிவர். திரை 50 நிமிடம் தாழ்ந்து ஏறியது. கதாநாயகியின் இறுதி உரை முடியுமுன் முன்திரை மூடிக்கொண்டது. முயற்குட்டியாக நடிக்க வேண்டிய ஐந்து வயதுச் சிறுமி, அழைப்பார் இன்றி, ஒப்பனை அறையில் காது கட்டிய கோலத்தோடு உறங்கிப்போனாள். அவளுக்காக மூன்று வாரம் அவள் தாயார் தைத்த உடையை அவையில் ஒருவரும் காணவில்லை. குற்றம் முழுவதும் நம்முடையதே.

அதன்பின் நாம் பழைய மலர்களைப் புரட்டினோம். நடிகர் பட்டியல், இசை, ஒப்பனை, நன்றியுரை என எல்லாம் இருந்தன. அவர் பெயர் ஒன்றிலும் இல்லை. ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களுள் அவரை நாம் நாற்பதாண்டுகள் அடைத்து வைத்திருந்தோம்.

நாணத்தோடு அவர் இல்லம் சென்றோம். பிழை பொறுக்குமாறு வேண்டினோம். அவர், “பெயர் கிடக்கட்டும். அந்தக் குழந்தைக்கு இந்த ஆண்டு வேடம் உண்டா?” என்று மட்டும் வினவினார். உண்டு என்றோம். உள்ளே சென்று பித்தளை மணியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

கடந்த ஆறு திங்களாக, ஞாயிறுதோறும், நம் காலனியின் இளைஞர் இருவர் அவரிடம் சென்று பயில்கின்றனர். ஒருவர் பொறியியல் மாணவர். மற்றவர் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவி. அம்மாணவிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நோட்டில் உள்ள குறிப்புகளைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டத் தொடங்கி, இன்று ஒரு காட்சியைத் தடையின்றிப் படிக்கின்றார். நாம் ஆண்டுதோறும் நடத்தும் தமிழ் வகுப்பிற்கு வாராதவரை அந்நோட்டுகள் வரவழைத்துவிட்டன.

அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். இன்று உங்கள் கையில் உள்ள நிகழ்ச்சி நிரலின் முதல் வரியைப் படியுங்கள். இதுவரை அச்சேறாத பெயர் ஒன்றை அங்கே காண்பீர்கள். முதல் மணி சரியாக மாலை 6-15க்கும், மூன்றாம் மணி 6-30க்கும் அடிக்கப்பெறும். மணி அடிக்கும் கை புதியது. அதற்குள் இருக்கையில் அமர்ந்து உதவுங்கள்.